யானை வேறு, தந்தம் வேறு

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பது தமிழர் நாவில் தொன்றுதொட்டு வழங்கிவரும் பழமொழி. இப்பழமொழிக்கு இக்காலத்தில் புதிய உரையாசிரியர்கள் தோன்றியிருக்கின்றனர். அரிய விரைவுக் கார்களை வாங்கி விற்கும் தரகர்களே அவர்கள். ஓடும் கார் ஒரு விலை பெறும். மரத்தில் மோதி நொறுங்கிய காரும், தீயில் கருகிய காரும், ஏரியில் மூழ்கிய காரும் அதற்கு அவ்வளவாகக் குறையாத விலை பெறும். ஆகவே எந்தச் சிதைவும் மீட்கத் தக்கதே என்பது அவர்கள் கூறும் உரை. இவ்வுரை பொருந்துமா என்பதை ஆராய்வது இன்றியமையாதது. ஏனெனில், இதனால் பாதிக்கப்படுவது செல்வரின் பணப்பை மட்டுமன்று. மீட்கப்பட்ட காரில் நாளை அமரப்போகும் மனிதரின் உயிரும், அக்காரைப் பற்றி உலகுக்குச் சொல்லப்படும் உண்மையும் இதில் அடங்கியிருக்கின்றன.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மான்டரே நகரில் ஆர்.எம். சோதபிஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் ஒரு பொருள் விற்பனைக்கு வந்தது. 1954-ஆம் ஆண்டின் ஃபெராரி 500 மொண்டியால் என்பது அதன் பெயர். இத்தாலியின் புகழ்பெற்ற மில்லெ மிலியா ஓட்டத்தில் பங்குகொண்ட பெருமையும் அதற்குண்டு. ஆனால், ஏல மேடையில் கண்டது காரின் உருவம் அன்று. 1960-களில் நேர்ந்த விபத்திலும் தீயிலும் நசுங்கிக் கருகிய உலோகத் தகடுகளின் குவியலே அங்குக் கிடந்தது. அதற்குரிய முதல் இயந்திரமும் அதனோடு இல்லை. அக்குவியல் 1,875,000 அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று.

இச்செய்தியைக் கேட்டோர் இரு கூறாகப் பிரிந்தனர். 'பழைய இரும்புக்கு இத்தனை பணமா? உலகம் பித்துப் பிடித்து அலைகிறது' என்றனர் ஒரு சாரார். 'அது இரும்பன்று, வரலாறு; எவ்விலை கொடுத்தும் மீட்க வேண்டும்' என்றனர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவருமே விலையைக் கொண்டு மதிப்பை அளக்கின்றனர். முதலாமவர் விலை மிகுதி என்று எள்ளுகின்றனர். இரண்டாமவர் விலை மிகுதி என்பதையே சான்றாகக் காட்டுகின்றனர். சிதைந்த கார் ஒன்றைக் காணும்போது எழ வேண்டிய கேள்விகள் வேறு. அவற்றுக்கு ஒரு வரிசையும் உண்டு. அவ்வரிசையில் பணம் கடைசியாகவே நிற்க வேண்டும்.

எலும்பு நலமா?

முதற் கேள்வி, இந்த வண்டி மீண்டும் ஒரு மனிதரை நலமாகச் சுமக்குமா என்பது. வண்ணப் பூச்சும் தோல் இருக்கையும் கண்ணைக் கவரும். ஆனால், மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் விரையும் வண்டியில் உயிரைக் காப்பது வெளித்தோல் அன்று, உள்ளெலும்பாகிய அடிச்சட்டமே. அந்த எலும்பு எந்தப் பொருளால் ஆனது என்பதை அறியாமல் 'மீட்கலாம்' என்று கூறுவது, நாடி பாராமல் மருந்து எழுதுவதற்கு ஒப்பாகும்.

1950-களிலும் 1960-களிலும் செய்யப்பட்ட ஃபெராரி கார்கள் பலவற்றின் அடிச்சட்டம் எஃகுக் குழாய்களால் ஆனது. எஃகு வளையும், வளைந்ததைக் கண்ணால் காணலாம், அளவுச் சட்டத்தில் ஏற்றி, எப்புள்ளி எத்தனை மில்லிமீட்டர் விலகியுள்ளது என்று அளக்கலாம், கெட்ட குழாயை அறுத்தெடுத்துப் புதிய குழாயைப் பற்றவைக்கலாம். தேர்ந்த கைவினைஞர் ஒருவர் இருப்பின், அக்காலக் கார்களுக்கு மறுவாழ்வு கிட்டுவதில் வியப்பில்லை.

அலுமினியத்தின் இயல்பு வேறு. 1990-இல் வெளிவந்த ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். காரின் உடற்கூடும், 1999-இல் வெளிவந்த ஃபெராரி 360 மொடேனாவின் சட்டமும் அலுமினியத்தால் ஆனவை. வெப்பப் பக்குவத்தால் வலிமை ஏற்றப்பட்ட அலுமினியக் கலவை, மீண்டும் கட்டுப்பாடின்றிச் சூடேறினால் அவ்வலிமையை இழந்துவிடும். தீப்பிடித்த காரில் உருகாமல் எஞ்சிய பகுதியும் உறுதி குன்றியிருக்கக் கூடும். பற்றவைப்பின்போது எழும் வெப்பமே அருகிலுள்ள உலோகத்தைத் தளர்த்தும். ஆகவே, எஃகு தட்டிப் பழகிய கை அலுமினியத்துக்கு அப்படியே உதவாது. உரிய கருவியும் பயிற்சியும் உள்ள பட்டறையே அதனைத் தொட வேண்டும்.

கார்பன் இழையால் ஆன கூடோ இவ்விரண்டினும் வேறுபட்டது. 1992-இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1, கார்பன் இழையால் ஆன ஒற்றைக் கூட்டினைக் கொண்டு உருவாக்கப்பட்ட முதல் சாலைக் கார்களுள் ஒன்றாகும். கார்பன் இழை எஃகைப் போல் வளைந்து தன் காயத்தைக் காட்டிக் கொடுப்பதில்லை. அடுக்கடுக்காக ஒட்டப்பட்ட இழைகள் மோதலில் உள்ளுக்குள்ளே பிரிந்துவிடலாம். மேற்பரப்போ பழுதற்றதுபோல் மின்னும். மீயொலி அலைகளைச் செலுத்தி ஆராய்ந்தாலன்றி அப்பிரிவு புலப்படாது. வெளியே சிரித்து உள்ளே நோயுற்றிருக்கும் மனிதனைப் போன்றது இது. இத்தகைய வண்டியைக் கண்ணால் மட்டும் பார்த்து 'சிறு காயம்தான்' என்று சான்று கூறுவோர், பிறர் உயிரை வைத்துச் சூதாடுவோர் ஆவர்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் இன்னும் ஏமாற்றும். அதன் உடலில் ஒரு கீறலும் இராது. ஆனால், மின்கம்பிக் கோவையின் இணைப்புகளில் புகுந்த நீர், மாதக் கணக்கில் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது நீரை உள்ளிழுத்திருந்தால், அழுத்த இயலாத அந்நீர் உலக்கைத் தண்டுகளை வளைத்துவிடும். கடல் நீராயின், வெவ்வேறு உலோகங்கள் கூடும் இடமெல்லாம் அரிப்பு விரைந்து பரவும். மக்னீசியக் கலவையால் ஆன உறுப்புகள் முதலில் இரையாகும்.

பிரித்தானியாவில் 2017-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த வகைப்பாடு இவ்வகையில் நல்வழி காட்டுகிறது. காப்புறுதி நிறுவனங்கள் கைவிடும் வண்டிகள் அங்கு நான்கு வகையாகப் பிரிக்கப்படுகின்றன. 'ஏ' வகை முழுதும் நசுக்கப்பட வேண்டும். அதன் உறுப்பு ஒன்றும் மறுபயன் பெறலாகாது. 'பி' வகையில் உறுப்புகளை எடுத்துக்கொள்ளலாம். உடற்கூடு நசுக்கப்பட வேண்டும். 'எஸ்' வகையில் அடிக்கட்டமைப்புப் பழுதுற்றிருக்கும், ஆயினும் செப்பனிடலாம். 'என்' வகையில் அடிக்கட்டமைப்புக்குப் பழுதில்லை. இதற்கு முன்னிருந்த முறையில், செலவுக்கும் விலைக்கும் உள்ள விகிதம் பெரும்பங்கு வகித்தது. புதிய முறை, எது உடைந்தது என்பதை முதலில் கேட்கிறது. பணக் கேள்வியைப் பின்னுக்குத் தள்ளி எலும்புக் கேள்வியை முன்னிறுத்திய இம்மாற்றம் அறிவுடையோர் போற்றத் தக்கது.

ஒரு வெற்றியும் அதன் தவறான பாடமும்

'எல்லாச் சிதைவும் மீட்கத் தக்கதே' என்று வாதிடுவோர் தவறாமல் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 'மிஸ்டர் பீன்' என்னும் பாத்திரத்தால் உலகப் புகழ் பெற்ற நடிகர் ரோவன் அட்கின்சன், 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதியில் தம் மெக்லாரன் எஃப்1 காரை ஓட்டிச் சென்றபோது, அது சாலையினின்றும் விலகி மரத்தில் மோதிச் சிதைந்தது. அதனைச் செப்பனிட ஏறத்தாழ 910,000 பவுன் செலவாயிற்று. கார் ஒன்றைச் செப்பனிட பிரித்தானியக் காப்புறுதி வரலாற்றில் அதுவரை வழங்கப்பட்ட மிகப் பெருந்தொகை என்று அது பேசப்பட்டது. பணி முடிய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. பின்னர், 2015-இல் அக்கார் 8 மில்லியன் பவுனுக்கு விற்கப்பட்டது. 'பார்த்தீர்களா! குப்பை என்று தள்ளியிருந்தால் எவ்வளவு பெரிய இழப்பு!' என்று கூத்தாடுகின்றனர் இவ்வாதத்தினர்.

இவ்வெற்றி உண்மையானதே, மறுப்பதற்கில்லை. ஆயினும், அது எதனால் கிட்டியது என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா? முதலாவதாக, மெக்லாரன் எஃப்1 கார்கள் எல்லா வகையும் சேர்த்து உலகில் 106 மட்டுமே உருவாக்கப்பட்டன. இரண்டாவதாக, அதனைச் செப்பனிட்டவர்கள் அதனைப் படைத்தவர்களே. கூட்டின் எந்த இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அறிந்த கைகள் அவை. மூன்றாவதாக, அவ்விபத்து உலகறிந்த செய்தி. வாங்கியவர் கண்ணைத் திறந்துகொண்டே வாங்கினார். அருமை, தகுதி, வெளிப்படைத் தன்மை ஆகிய இம்மூன்றும் கூடிய இடத்தில் விளைந்த நன்மை அது.

இம்மூன்றில் ஒன்றுமில்லாத இடத்தில், அதே கதையைச் சொல்லி ஆசையை மூட்டுவது அறமாகுமா? ஆயிரக்கணக்கில் உருவாக்கப்பட்ட விரைவுக் கார் ஒன்று, மோதிய நிலையில் மலிவாக ஏலத்துக்கு வருகிறது. வாங்குபவர் மெக்லாரனின் கதையை நினைத்துக்கொள்கிறார். உறுப்புகளின் விலை அக்கார் புதிதாக விற்ற காலத்து விலையைப் போலவே விண்ணைத் தொட்டு நிற்பதையும், சிறு விளக்குக்கும் கதவுக்கும் பெருந்தொகை கேட்கப்படுவதையும் பின்னரே அறிகிறார். பணம் தீர்ந்ததும் குறுக்கு வழி தோன்றுகிறது. பிளந்த கூட்டின்மேல் பசையும் பூச்சும் ஏறுகின்றன; வெடித்துவிட்ட காற்றுப் பைகளின் இடத்தில் வெற்று மூடி பொருத்தப்படுகிறது. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் 'சேதமுற்றது' என முத்திரை பெற்ற வண்டி ஆவணத்தை, வேறொரு மாநிலத்தில் மறுபதிவு செய்து அம்முத்திரையை மறையச் செய்யும் மோசடி நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று. மீட்பு என்ற பெயரில் தொடங்கியது இங்கே மறைப்பில் முடிகிறது. அந்த மறைப்பின் விலையைச் செலுத்துபவர், ஏதுமறியாமல் அடுத்து வாங்குபவரே.

எண்ணா, உடலா, வரலாறா?

இரண்டாவது கேள்வி, மீட்கப்படுவது எது என்பது. பழம் பந்தயக் கார்களின் வணிகத்தில் அடிச்சட்டத்தில் பொறிக்கப்பட்ட எண்ணுக்கு மந்திர ஆற்றல் உண்டு. எண் இருந்தால் கார் உண்டு என்கின்றனர். கருகிய தகட்டில் எண் எஞ்சியிருந்தால் போதும். அதனைச் சுற்றிப் புதிய சட்டம், புதிய உடல், புதிய சக்கரம் அனைத்தும் செய்து, 1954-இல் பிறந்த கார் இதுவே என்று கூறலாம் என்கின்றனர்.

இச்சிக்கலை இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 1990-ஆம் ஆண்டிலேயே எதிர்கொண்டது. 'ஓல்ட் நம்பர் ஒன்' எனப் பெயர் பெற்ற பென்ட்லி கார், பிரான்சின் லெ மான் 24 மணி நேர ஓட்டத்தில் 1929-இலும் 1930-இலும் வாகை சூடியது. பின்னர், அதன் உறுப்புகள் ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்றப்பட்டன. வேறு இயந்திரமும் பொருத்தப்பட்டது. 1932-இல் புரூக்லண்ட்ஸ் ஓட்டத் திடலில் நேர்ந்த கொடிய விபத்தில் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். அதன்பின் அக்கார் மூடிய உடலமைப்புடன் மீண்டும் உருவாக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்து, 10 மில்லியன் பவுனுக்கு அதனை வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், 'இது அந்தக் காரே அன்று' என்று கூறி மறுத்தது. வழக்கு மூண்டது.

நீதிபதி ஆட்டன் வழங்கிய தீர்ப்பு ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது. 1929-இன் உறுப்புகளாக உறுதிப்படுத்தத் தக்கவை அதில் அநேகமாக இல்லை என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆயினும், அக்கார் ஒருபோதும் மறைந்து போய்ப் பின் தோன்றவில்லை. ஓட்டத்துக்கு ஓட்டம், ஆண்டுக்கு ஆண்டு, ஒரே பொருளாக இடையறாது வாழ்ந்து மாறி வந்துள்ளது. ஆகவே அப்பெயரைத் தாங்கும் உரிமை அதற்கு உண்டு என்று முடிவு செய்தார். ஆற்றில் நேற்றைய நீர் இன்றில்லை; எனினும் ஆறு அதுவே. ஓட்டம் அறாதிருப்பதே அதற்குக் காரணம்.

எண் வழிபாட்டினர் இத்தீர்ப்பைத் தங்களுக்குத் துணையாகக் காட்டுவதுண்டு. உண்மையில் இது அவர்களுக்கு எதிரான தீர்ப்பேயாகும். பென்ட்லிக்கு உரிமை தந்தது பொறித்த எண் அன்று, அறாத வாழ்வு. அரை நூற்றாண்டு கருகிக் கிடந்து, பின்னர் ஒரு தகட்டைச் சுற்றிப் புதிதாக வார்க்கப்படும் காருக்கு அத்தகைய அறாத வாழ்வு ஏது?

மான்டரே ஏலத்தில் ஒளிவு மறைவு இல்லை என்பதையும் கூறுதல் முறை. கருகிய நிலையிலேயே படம் காட்டி, இயந்திரம் வேறு என்பதையும் எடுத்துரைத்தே அது விற்கப்பட்டது. வாங்கியவரும் அறிந்தே வாங்கினார். அதில் குற்றம் காண்பதற்கு இடமில்லை. குற்றத்துக்கு வாயில் திறப்பது அதற்குப் பின்னரே. இத்தகைய சிதைவிலிருந்து எழும் பளபளக்கும் கார், நாளை நாலாவது கைக்கோ ஐந்தாவது கைக்கோ போகும்போது, 'பழைய எண்ணைத் தாங்கிய புதிய கார்' என்று சொல்லப்படுமா, 'மில்லெ மிலியாவில் ஓடிய கார்' என்று மட்டும் சொல்லப்படுமா? முன்னது கைவினை; பின்னது பொய்.

தொடாமல் விடுவதும் மீட்பே

மூன்றாவது கேள்வியை எவரும் எளிதில் கேட்பதில்லை. செப்பனிடுவதால் அழிந்துபோவது ஏதேனும் உண்டா என்பதே அது.

இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் பொதுவான மஜ்ஜோரே ஏரியில், சுவிஸ் கரையிலுள்ள அஸ்கோனா ஊருக்கு அருகே, 1925-ஆம் ஆண்டின் புகாட்டி பிரெசியா கார் ஒன்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீரடியில் கிடந்தது. வரி செலுத்தப்படாத காரைச் சுங்க அதிகாரிகள் 1930-களில் ஏரியில் இறக்கிவிட்டனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1967-இல் மூழ்காளர் ஒருவர் அதனைக் கண்டார். 2009-ஆம் ஆண்டு ஜூலையில் அது மேலே தூக்கப்பட்டது. வன்முறைக்கு இரையாகி 2008-இல் உயிர்நீத்த உள்ளூர் இளைஞர் ஒருவரின் நினைவாக அமைந்த அறநிலையத்துக்கு நிதி திரட்டும் பொருட்டே ஊரார் அப்பணியில் இறங்கினர். 2010 ஜனவரியில் பாரிசில் பான்ஹாம்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் அது 260,500 யூரோவுக்கு விற்றது.

வாங்கியவர் கலிபோர்னியாவின் பீட்டர் மல்லின். புகாட்டிக் கார்களைப் பழுது நீக்கிப் புதிதென ஒளிரச் செய்யும் செல்வமும் வாய்ப்பும் அவருக்கு நிரம்ப இருந்தன. ஆயினும், அவர் அதனைச் செப்பனிடவில்லை. துரு துருவாகவே, ஓட்டை ஓட்டையாகவே, ஏரி அதனை எவ்வாறு விட்டதோ அவ்வாறே தம் அருங்காட்சியகத்தில் வைத்தார். 2023-இல் அவர் மறைந்தார். 2024-இல் அவ்வருங்காட்சியகமும் மூடப்பட்டது. ஆனால், அவர் செய்த முடிவு வழிகாட்டியாக நிற்கிறது. செப்பனிட்டிருந்தால், உலகில் உள்ள பிரெசியா கார்களோடு மற்றொன்று கூடியிருக்கும். அந்த ஏரியின் எழுபது ஆண்டுகளோ, உப்புத்தாள் உரசலில் தூளாய்ப் போயிருக்கும்.

'ஓடுவதற்கென்றே பிறந்தது கார். ஓடாமல் நிறுத்தி வைப்பது அதற்குச் செய்யும் இழிவு' என்று மறுப்போர் உளர். ஓடக்கூடிய காரைப் பற்றி அவர் கூற்று சரியே. எலும்பு நலமாயிருந்து, உறுப்பில் பெரும்பகுதி எஞ்சி, வாழ்வும் அறாதிருக்குமாயின், அதனை ஓடச் செய்வதே முறை. ஓடுவதற்குத் தேவையான அனைத்தும் புதிதாகச் செய்யப்பட வேண்டும் என்ற நிலை வந்தபின், ஓடப்போவது பழைய கார் அன்று. புதிய கார் ஓடுவதற்காகப் பழைய காரின் எச்சத்தை ஏன் அழிக்க வேண்டும்? புதியதைப் புதியதென்றே செய்து ஓட்டட்டும். பழையதைப் பழையதாகவே விடட்டும்.

இவ்வளவும் கேட்டறிந்த பிறகே பணக் கேள்வி வர வேண்டும். வாங்கிய விலை, உறுப்புகளின் விலை, தேர்ந்த கைகளின் கூலி, ஆண்டுகளின் காத்திருப்பு ஆகிய எல்லாவற்றையும் கூட்டி, முடிவில் கிட்டும் பொருளின் உண்மையான பெயருக்குரிய விலையோடு ஒப்பிட வேண்டும். பொய்ப் பெயருக்குரிய விலையோடு ஒப்பிட்டால், கணக்கு எப்போதும் இலாபமே காட்டும். பித்தலாட்டம் எல்லாம் அக்கணக்கில்தான் பிறக்கிறது. அதனைத் தடுக்க ஒரே வழி, செப்பனிடப்பட்ட ஒவ்வொரு காரோடும், எது பழையது, எது புதியது, எது எப்போது யாரால் மாற்றப்பட்டது என்ற முழுப் பதிவும் பிரியாமல் செல்ல வேண்டும் என்று வாங்குவோர் விடாது வற்புறுத்துவதேயாகும். பதிவைத் தர மறுப்பவரிடம் கார் வாங்க மறுப்பதே அறிவுடைமை.

இறந்த யானைக்கும் ஆயிரம் பொன் என்று முன்னோர் சொன்னது தந்தத்தைக் கருதி. தந்தத்தைத் தந்தம் என்று விற்பவரை அவர்கள் பழிக்கவில்லை. தந்தத்தை நட்டு, அதனைச் சுற்றி மண்ணால் யானை சமைத்து, 'இதன்மேல் ஏறிப் போருக்குப் போகலாம்' என்று விற்பவன் ஒருவன் அக்காலத்தில் இருந்திருந்தால், ஊரார் அவனுக்குப் பொன் கொடுத்திருக்க மாட்டார்கள்.